இறந்த குழந்தைகளின் கணக்கை எப்படிப் படிப்பது?

இரண்டு குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று 24-வது வாரத்திலேயே பிறந்துவிடுகிறது. எடை 600 கிராம். நுரையீரல் இன்னும் பக்குவப்படவில்லை. இரண்டாம் நாள் இறந்துபோகிறது. இன்னொன்று மாதம் நிறைந்து, 3,200 கிராம் எடையோடு நல்லபடியாகப் பிறந்து வீட்டுக்கு வருகிறது. முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில், ஒரு விடியற்காலையில் சோஃபாவில் மூச்சில்லாமல் கிடக்கிறது.

நகரத்தின் பதிவேட்டில் இந்த இரண்டு சாவும் ஒரே தலைப்பில்தான் ஏறும்: ஒரு வயதுக்குள் இறந்த குழந்தை. ஆனால் முதல் குழந்தையைக் காப்பாற்றும் வேலை, அதன் தாய் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு ஒரு தட்டையான தொட்டிலும், ராத்திரியில் தாய்க்குக் கைமாற்ற ஓர் ஆளும் இருந்திருந்தால் போதுமாக இருந்திருக்கலாம். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டு மூடிவிட்டு, "குழந்தை இறப்பைக் குறைப்போம்" என்று திட்டம் தீட்டினால் பணம் தவறான இடத்துக்குத்தான் போகும். அமெரிக்க நகரங்களில் கறுப்பினக் குழந்தைகளின் இறப்பைக் குறைக்க எடுத்த முயற்சிகளைப் படிக்கிறவர்களுக்கு இது திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எந்த இடத்தில் சாவு மிகையாக விழுகிறது என்று பிரித்துப் பார்த்த ஊர்களில் ஏதாவது நகர்ந்தது. பார்க்காத ஊர்களில் துண்டறிக்கைதான் மிஞ்சியது.

முதலில் எண்கள். ஒரு வருடத்தில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளுக்கு எத்தனை குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தன என்பதுதான் குழந்தை இறப்பு விகிதம். அமெரிக்காவில் 2022-ல் அது 5.6. முந்தைய வருடத்தைவிடக் கூடியிருந்தது; இருபது வருடத்தில் பார்க்காத ஏற்றம் அது. தாயின் இனத்தை வைத்துப் பிரித்தால் வெள்ளையினக் குழந்தைகளுக்கு 4.5, கறுப்பினக் குழந்தைகளுக்கு 10.9. பூர்வகுடியினருக்கும் 9-ஐத் தாண்டிய எண்தான்.

1950-ல் இதே எண்கள் வெள்ளையினத்துக்கு 26.8, கறுப்பினத்துக்கு 43.9. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1950-ல் இரண்டுக்கும் வித்தியாசம் 17.1, இப்போது 6.4. அப்படிப் பார்த்தால் இடைவெளி சுருங்கிவிட்டது. விகிதமாகப் பார்த்தால் அன்று 1.6 மடங்கு, இன்று 2.4 மடங்கு. அப்படிப் பார்த்தால் இடைவெளி விரிந்துவிட்டது. இரண்டும் உண்மைதான். அதனால் "ஏற்றத்தாழ்வைப் பாதியாகக் குறைப்போம்" என்று எந்த நகரமாவது அறிவித்தால், எந்த அளவுகோலில் என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்து வசதியான அளவுகோலைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

நான்கு கட்டங்கள்

உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தோடும் (சி.டி.சி.) பணியாற்றிய பிரையன் மெக்கார்த்தி ஒரு முறையை உருவாக்கினார். நகரச் சுகாதாரத் துறைகளின் கூட்டமைப்பான சிட்டிமேட்ச் அதை அமெரிக்க நகரங்களுக்கு ஏற்றபடி செதுக்கியது. பிறப்பை ஒட்டிய காலத்தை ஆபத்துக் கட்டங்களாகப் பிரிக்கும் முறை இது. விரிதாள் ஒன்று இருந்தால் யாரும் போட்டுவிடலாம். அதுதான் இதன் அழகு.

24 வாரம் தாண்டி, 500 கிராமுக்குக் குறையாமல், வயிற்றிலேயே இறந்த சிசுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு பிறந்து ஒரு வயதுக்குள் இறந்தவற்றில் 500 கிராமும் அதற்கு மேலும் உள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது எடையையும் இறந்த நேரத்தையும் வைத்துப் பிரியுங்கள். 1,500 கிராமுக்குக் கீழே உள்ள எல்லாச் சாவும், எப்போது நடந்திருந்தாலும், முதல் கட்டம்: தாயின் உடல்நலமும் குறைப்பிரசவமும். 1,500 கிராமும் அதற்கு மேலும் இருந்து வயிற்றிலேயே இறந்தது இரண்டாம் கட்டம்: கர்ப்பகாலப் பராமரிப்பு. அதே எடையோடு பிறந்து 28 நாளுக்குள் இறந்தது மூன்றாம் கட்டம்: பச்சைக்குழந்தைப் பராமரிப்பு. 28 நாள் தாண்டி ஒரு வயதுக்குள் இறந்தது நான்காம் கட்டம்: வீட்டுக்கு வந்த பிறகான குழந்தை நலம்.

அடுத்து, ஒப்பிட ஒரு குழு வேண்டும். அதே ஊரில், அல்லது அதே மாநிலத்தில், மிக நல்ல நிலையில் உள்ள தாய்மார்களின் குழு. வழக்கமாக 20 வயதும் அதற்கு மேலும் ஆன, பள்ளிப் படிப்பைத் தாண்டிப் படித்த வெள்ளையினத் தாய்மார்களை எடுப்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பது எல்லோருக்கும் கிடைக்கக் கூடியதுதான் என்பதே இதன் அடிப்படை. அவர்களுடைய விகிதத்துக்கு மேல் உள்ளதெல்லாம் தவிர்த்திருக்கக்கூடிய சாவு.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இது எந்த ஊரின் எண்ணும் அல்ல, முறை புரிவதற்காக மட்டும். ஒரு நகரத்தில் ஐந்து வருடத்தில் கறுப்பினத் தாய்மார்களுக்கு 20,000 பிறப்புகள் (வயிற்றிலேயே இறந்தவையும் சேர்த்து), 300 சாவுகள். நான்கு கட்டங்களில் முறையே 140, 60, 30, 70. ஆயிரத்துக்கு 7.0, 3.0, 1.5, 3.5. மொத்தம் 15. ஒப்பீட்டுக் குழுவுக்கு 2.0, 1.5, 1.0, 1.0. மொத்தம் 5.5. கழித்தால் மிகை 5.0, 1.5, 0.5, 2.5. அதாவது 20,000 பிறப்புகளுக்கு 100, 30, 10, 50 சாவுகள். ஆக 300-ல் 190 சாவுகள் நடந்திருக்கவே வேண்டாம். அந்த 190-ல் பாதிக்கு மேல் முதல் கட்டத்தில், கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் நான்காம் கட்டத்தில். மூன்றாம் கட்டத்தில் வெறும் 10. இந்த ஊர் தன் நிதியையெல்லாம் இன்குபேட்டர் வாங்கவும் பச்சைக்குழந்தை வார்டை விரிவாக்கவும் செலவழித்தால், மிஞ்சி மிஞ்சிப் போனால் அந்தப் பத்தைத் தொடலாம்.

முதல் கட்டத்தின் 100-ஐ இன்னும் ஒரு முறை உடைக்க வேண்டும். மக்கள்தொகையியலாளர் எவலின் கிடகாவா 1955-ல் தந்த கணக்குமுறை இதற்குப் பயன்படுகிறது. கேள்வி இதுதான்: எடை மிகக் குறைந்த குழந்தைகள் அதிகமாகப் பிறப்பதால் சாவு கூடுகிறதா, அல்லது அதே எடையில் பிறந்த குழந்தைகள் இந்தக் குழுவில் மட்டும் அதிகமாகச் சாகின்றனவா? இரண்டாவது என்றால் பிரசவம் எந்த மருத்துவமனையில் நடந்தது, உயர்நிலைப் பச்சைக்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்ததா, குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே போடப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். முதலாவது என்றால் மருத்துவமனை வாசலில் நின்று பயனில்லை; தாயின் வாழ்க்கைக்குப் போக வேண்டும். கறுப்பினத் தாய்மார்களைப் பொறுத்தவரை அமெரிக்க நகரங்களில் பெரும்பாலும் முதலாவதுதான் கனக்கிறது.

கணக்கு எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 60 சாவுகளுக்குக் கீழே இருந்தால் இந்த முறையைப் போடாதீர்கள், எண்கள் ஆடும். சின்ன ஊர் என்றால் ஐந்து வருடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், பக்கத்து மாவட்டத்தையும் சேர்க்கலாம். வயிற்றில் இறந்த சிசுக்களைப் பதிவு செய்யும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் 20 வாரம் என்று எல்லை. 20-க்கும் 24-க்கும் நடுவே பதிவு ஒழுங்காக இருக்காது என்பதால்தான் இந்த முறை 24-ல் தொடங்குகிறது. இனப் பதிவில் இன்னொரு குழி உண்டு. பிறப்புச் சான்றிதழில் தாய் தன் இனத்தைத் தானே சொல்கிறாள். இறப்புச் சான்றிதழை நிரப்புவது இறுதிச்சடங்கு நிறுவனத்துக்காரர். இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கும். இறப்புச் சான்றிதழை அதே குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு இணைத்த கோப்பை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். எடையும் வாரமும் அதில்தான் கிடைக்கும்.

ரத்தத்தில் இல்லை

குறைப்பிரசவம் என்றதும் "அவர்கள் உடம்புவாகு அப்படி" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் 1997-ல் இலினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகள் சராசரி 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள் 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள் 3,089 கிராம். மரபணுதான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்களின் குழந்தைகள்தான் எடை குறைந்திருக்க வேண்டும். பிறகு வந்த ஆய்வு, அப்படிக் குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து பிள்ளை பெறும்போது அந்தச் சாதகமும் கரைந்துவிடுவதைக் காட்டியது.

படிப்பும் இதை முழுக்கச் சரிக்கட்டுவதில்லை. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினத் தாயின் குழந்தைக்கு, பள்ளியையே முடிக்காத வெள்ளையினத் தாயின் குழந்தையைவிட இறப்பு ஆபத்து அதிகம். வாழ்நாள் முழுக்க அவமதிப்பையும் பாதுகாப்பின்மையையும் சுமக்கும் உடம்பு வயதுக்கு முன்பே தேய்கிறது என்று ஆர்லின் ஜெரோனிமஸ் 1992-ல் வைத்த கருத்து இதற்கு நெருங்கிய விளக்கம். இளம் வயதிலேயே வரும் ரத்தக்கொதிப்பு அந்தத் தேய்மானத்தின் கண்ணுக்குத் தெரியும் முகம்.

கொள்கை மாறினால் சாவு குறையும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1964-ன் சிவில் உரிமைச் சட்டமும், 1966-ல் வந்த, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் சேர்ந்து, இனப் பிரிவினை செய்யும் மருத்துவமனைக்கு மத்திய அரசின் பணம் இல்லை என்றாக்கின. தெற்கு மாநிலங்களில் அதுவரை கறுப்பினக் குழந்தைகளுக்கு மூடியிருந்த வார்டுகள் திறந்தன. வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் நடந்த சாவுகள் மிஸிஸிப்பியில் வேகமாகச் சரிந்தன. குளுக்கோஸ் ஏற்றுவதும் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் அதற்கு முன்பும் மருத்துவத்துக்குத் தெரிந்தவைதான். வார்டுக் கதவு மட்டும்தான் புதிதாகத் திறந்தது. அதே மிஸிஸிப்பியில் 2024-ன் விகிதம் 9.7 ஆக ஏறியபோது, 2025 ஆகஸ்டில் மாநிலச் சுகாதாரத் துறை அதைப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. வாங்கிய நன்மையைக் காப்பாற்றவும் திட்டம் வேண்டும்.

ஒரு சாவை எப்படி விசாரிப்பது

எண்கள் எந்தக் கட்டம் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்குத்தான் சிசு மற்றும் குழந்தை இறப்பு ஆய்வுக் குழுக்கள். இறப்புத் தகவல் வந்ததும் ஒரு செவிலியர் தாயின் கர்ப்பகாலக் கோப்பு, பிரசவக் குறிப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஊட்டச்சத்து உதவித் திட்டமான டபிள்யூ.ஐ.சி. பதிவு எல்லாவற்றையும் திரட்டுகிறார். பயிற்சி பெற்ற ஒருவர், தாய் சம்மதித்தால், அவள் வீட்டுக்கே போய்ப் பேசுகிறார். பிறகு தாய், மருத்துவர், மருத்துவமனை என எல்லாப் பெயரையும் நீக்கிவிட்டு ஒரு சுருக்கம் எழுதப்படுகிறது. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், வீட்டுவசதித் துறைக்காரர் உட்கார்ந்து அதைப் படிக்கிறார்கள். அவர்கள் பரிந்துரையை நிறைவேற்ற, கையில் அதிகாரமும் நிதியும் உள்ளவர்களின் இன்னொரு குழு தனியாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது குழு பெயரளவுக்கு இருக்கும் ஊர்களில் அறிக்கைகள் அலமாரியில் கிடக்கின்றன.

தாயிடம் பேசுவது ஏன் விட்டுவிடவே கூடாதது? கோப்பில் "மூன்று முறை வரவில்லை" என்று மட்டும் இருக்கும். அவளிடம் கேட்டால் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்எய்ட் ஏற்பாடு செய்த வண்டி தாமதமாக வந்தது, இரண்டாவது குழந்தையை அதில் ஏற்ற மறுத்தார்கள், இரண்டு பஸ் மாறிப் போனபோது பதினைந்து நிமிடம் தாமதம் என்று திருப்பி அனுப்பினார்கள் என்பது போன்ற விவரங்கள் வரும். கோப்பை மட்டும் படித்த குழு "தாய்க்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்" என்று எழுதும். பேசிய குழு, வண்டி ஒப்பந்தத்தில் கூடவரும் குழந்தைகளையும் ஏற்ற வேண்டும் என்ற விதியைச் சேர்க்கச் சொல்லும். பரிந்துரைகளில் "விழிப்புணர்வு" என்ற சொல் வந்தால் தலைமை தாங்குபவர் ஒரு முறையாவது திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முகவரியில் ஆள் இல்லை, பேட்டி எடுக்க முடியவில்லை என்ற குறிப்பையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கர்ப்பகாலத்தில் எத்தனை தாய்மார்கள் வீடு மாறினார்கள் என்பதற்கு அதுவே ஓர் அளவு. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம், வீடில்லாத அபாயத்தில் இருந்த கர்ப்பிணிகளுக்கு வாடகை உதவி தரும் திட்டத்தைச் சோதித்துப் பார்த்ததற்குப் பின்னால் இருப்பது இந்த வகை அறிதல்தான்.

முதல் கட்டத்துக்கு என்ன செய்யலாம்

மலிவானதில் இருந்து தொடங்குகிறேன். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயான ப்ரீஎக்லாம்ப்சியா முற்றினால் தாயைக் காப்பாற்ற 28-வது, 30-வது வாரத்திலேயே குழந்தையை வெளியே எடுக்க வேண்டி வரும். ஆபத்து அதிகமுள்ளவர்கள் 12 வாரம் முடிந்த பிறகு, முடிந்தால் 16 வாரத்துக்கு முன், தினம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் தொடங்கினால் அந்த ஆபத்து குறைகிறது. முந்தைய கர்ப்பத்தில் இந்த நோய், நாள்பட்ட ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இரட்டைக் குழந்தை இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். முதல் பிரசவம், உடல் பருமன், 35 வயதும் அதற்கு மேலும், குறைந்த வருமானம் போன்ற நடுத்தர ஆபத்துகளில் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் கொடுக்கலாம். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-ல் வெளியிட்ட பரிந்துரையில் கறுப்பினத் தாயாக இருப்பதையும் இந்தப் பட்டியலில் வைத்தது. காரணம் உடற்கூறு இல்லை, அவர்கள் எதிர்கொள்ளும் சமூக நிலை என்று தெளிவாகவே எழுதியது.

மாத்திரை சில காசுதான். ஆனாலும் நடுவில் அறுந்துபோகிறது. முதல் பரிசோதனையே 18-வது வாரத்தில் நடந்தால் நல்ல காலம் தாண்டிவிட்டது. கடையில் வாங்கும் புட்டியில் "20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது" என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள். எச்சரிக்கையைப் பற்றி மருத்துவரே முன்கூட்டிச் சொல்லி, சீட்டும் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். நகரத் திட்டத்தில் இதற்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: தகுதியுள்ளவர்களில் எத்தனை பேர் 16 வாரத்துக்குள் உண்மையிலேயே விழுங்கத் தொடங்கினார்கள். எத்தனை கூட்டம் நடத்தினோம் என்பது அளவுகோல் ஆகாது.

ஒரு மருந்தின் மேல் முழுத் திட்டத்தையும் ஏற்றி வைப்பது ஆபத்து என்பதற்கும் பாடம் இருக்கிறது. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு வாரம் ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி என்று மக்கேனா என்ற மருந்துக்கு 2011-ல் அனுமதி கிடைத்தது. மாநிலங்கள் அதைச் சுற்றியே ஏற்பாடுகள் செய்தன. 2019-ல் வெளியான பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. ஊசிக்காக உருவான பட்டியல், வீடு தேடிப்போன செவிலியர், தொலைபேசி நினைவூட்டல் ஆகியவற்றை வேறு வேலைக்குத் திருப்பிய இடங்கள் தப்பின. கர்ப்பிணிகள் 8 முதல் 12 பேர் ஒன்றாக உட்கார்ந்து நடக்கும் குழுப் பராமரிப்பு விஷயத்திலும் நிதானம் தேவை. முதலில் வந்த சோதனை குறைப்பிரசவம் கணிசமாகக் குறைந்ததாகக் காட்டியது. தென் கரோலினாவில் நடந்த பிந்தைய பெரிய சோதனையில் ஒட்டுமொத்த வித்தியாசம் தெரியவில்லை. தாய்மார்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது அதைத் தொடர நல்ல காரணம். அது மட்டுமே இடைவெளியை மூடும் என்று நிதி கேட்பது சரியில்லை.

பெரிய நெம்புகோல் காப்பீடு. அமெரிக்காவில் பத்தில் நான்கு பிரசவங்களுக்கு மெடிக்எய்ட் பணம் கட்டுகிறது. கறுப்பினத் தாய்மார்களில் இது இன்னும் அதிகம். கர்ப்பத்தால் கிடைத்த அந்தக் காப்பீடு பிரசவமாகி 60 நாளில் அறுந்துவிடும் என்பதே பல பத்தாண்டுகளாக விதியாக இருந்தது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் சரிசெய்ய வேண்டிய காலம் முழுக்கக் காப்பீடு இல்லாமல் கழியும். 2022 ஏப்ரலில் இருந்து அதை 12 மாதமாக நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. முதல் கட்டத்தைத் தொடும் ஒற்றைச் சட்டமாற்றம் என்று எதையாவது சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கையில் பணம் கொடுப்பதும் இந்தக் கட்டத்துக்குரியதுதான். மிஷிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட்டில் 2024 ஜனவரியில் தொடங்கிய ஆர்எக்ஸ் கிட்ஸ் திட்டம், கர்ப்பகாலத்தில் 1,500 டாலரும் முதல் வருடம் மாதம் 500 டாலரும் தருகிறது. வருமானச் சான்று கேட்பதில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு நிதியை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அமெரிக்காவுக்கு இது புதிது.

பிரசவங்களுக்கு இடையே 18 மாதமாவது இடைவெளி வேண்டும் என்பது மருத்துவம். அதைச் சொல்லும் விதத்தில்தான் திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. 1973-ல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் 12, 14 வயதுக் கறுப்பினச் சகோதரிகள் இருவருக்கு, அரசுப் பணத்தில் நடந்த கருத்தடை மையம் வழியாக, அவர்களுக்கும் பெற்றோருக்கும் புரியாமலேயே நிரந்தரக் கருத்தடை செய்யப்பட்டது. அந்த நினைவு குடும்பங்களில் உயிரோடு இருக்கிறது. பிரசவ வார்டிலேயே கருத்தடைச் சாதனம் பொருத்தும் வசதி வைக்கும் மருத்துவமனை, வேண்டாம் என்றால் எடுத்துவிடும் வசதியையும் அதே இலவசத்தில், அதே சுலபத்தில் வைத்திருக்க வேண்டும்.

பால்டிமோர் செய்தது

நான்காம் கட்டத்தில் ஒரு நகரம் என்ன செய்ய முடியும் என்பதற்கு மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோரைப் பார்க்கலாம். 2009-ல் அங்கே விகிதம் 13.5. அந்த ஆண்டு "பிமோர் ஃபார் ஹெல்தி பேபிஸ்" என்ற திட்டம் தொடங்கியது. நகரச் சுகாதாரத் துறையும் ஃபேமிலி லீக் என்ற அமைப்பும் சேர்ந்து நடத்தின. 2012-ல் 9.7. 2015-ல் 8.4, அந்நகரம் அதுவரை காணாத குறைவு. கறுப்பின, வெள்ளையின இடைவெளியும் சுருங்கியது. அதற்குப் பிறகு அதே வேகத்தில் இறங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அங்கே நடந்த வேலையில் வெளியே தெரிந்தது உறக்கப் பிரச்சாரம். அலோன், பேக், கிரிப் என்று மூன்றே சொல்: தனியாக, மல்லாக்க, தொட்டிலில். விதிவிலக்கு கிடையாது. உறக்கத்தில் குழந்தையை இழந்த தாய்மார்களே பேசிய காணொளி, பிரசவ மருத்துவமனைகளில் வீட்டுக்கு அனுப்பும் முன் காட்டப்பட்டது. தொட்டில் வாங்க முடியாதவர்களுக்கு மடக்குத் தொட்டில் வீட்டுக்கே போனது. தொட்டில் இல்லாத வீட்டில் தொட்டிலில் போடு என்று சொல்வது குற்ற உணர்ச்சியை மட்டும்தான் கொடுத்துவிட்டு வரும்.

வீட்டுக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியவை இவை. மெத்தை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்துப் பஞ்சுத்தடுப்பு எதுவும் கூடாது. சாய்வான உறக்கச் சாதனங்களையும் பஞ்சுத்தடுப்பையும் விற்பதற்கே 2022-ல் சட்டம் தடை போட்டது. ஆனால் பழையவை கைமாறிக்கொண்டே இருக்கும், கேட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோர் படுக்கும் அறையிலேயே, தனித் தொட்டிலில், முதல் ஆறு மாதமாவது. பாட்டியையும் பேச்சில் உட்கார வையுங்கள். 1992-க்கு முன் பிள்ளை வளர்த்தவர்களுக்கு, வாந்தி எடுத்தால் புரையேறும் என்று குப்புறப் போடத்தான் மருத்துவமனையே சொல்லிக்கொடுத்தது. அவர்கள் தவறாகக் கற்கவில்லை, மருத்துவம் மாறியது என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ராத்திரி பால் கொடுக்கும்போது கண் அசந்துவிடுமோ என்று தோன்றினால் சோஃபாவில் உட்கார வேண்டாம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சோஃபா, சாய்வு நாற்காலி இரண்டும் மிக ஆபத்தானவை. தலையணையும் போர்வையும் அகற்றிய பெரியவர்களின் கட்டில் அதைவிட ஆபத்து குறைவு. விழித்ததும் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்ற வேண்டும். "ஒருபோதும் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், தூக்கம் வராமல் இருக்கத் தாய் சோஃபாவுக்குத்தான் போவாள்.

வெளியே அதிகம் பேசப்படாத வேலை, ஒரே நுழைவாயில். கர்ப்பிணி முதல் முறை மருத்துவரிடம் போகும்போது நிரப்பும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் மேரிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. பால்டிமோரில் அந்தப் படிவங்கள் ஹெல்த்கேர் ஆக்சஸ் மேரிலாந்து என்ற ஒரே இடத்துக்கு வந்து சேரும்படி செய்தார்கள். அங்கிருந்து ஆபத்தின் அளவுக்கு ஏற்ப, செவிலியர் வீட்டுக்கு வரும் திட்டத்துக்கோ வேறு உதவிக்கோ பிரித்து அனுப்பினார்கள். அதற்கு முன் பல நகரங்களைப் போல, ஒரு திட்டத்தில் இடம் காலியாக இருக்கும், இன்னொன்றில் வரிசை நிற்கும் நிலைதான். இதே ஏற்பாட்டைச் செய்ய நினைக்கும் ஊர் மூன்று எண்களை மாதா மாதம் பார்க்க வேண்டும்: பிரசவமான தாய்மார்களில் எத்தனை பேருக்குப் படிவம் வந்தது, படிவம் வந்து எத்தனை நாளில் ஆள் தொடர்புகொண்டார், தொடர்புகொண்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேர்ந்தார்கள். முதல் எண் குறைந்தால் மருத்துவர்களிடமும், இரண்டாவது கூடினால் உங்கள் பணியாளர் எண்ணிக்கையிலும், மூன்றாவது குறைந்தால் போனில் பேசுகிறவர் எப்படிப் பேசுகிறார் என்பதிலும் கோளாறு.

கொலம்பஸ் 2014-ல் இலக்கு வைத்தது: 2020-க்குள் குழந்தை இறப்பை 40 சதவீதம் குறைப்பது, இன இடைவெளியைப் பாதியாக்குவது. எட்டவில்லை. ஆறு வருடத்தில் குறைக்கக் கூடியது உறக்கச் சாவும் பராமரிப்புக் குறைபாடும்தான். உடம்பின் தேய்மானம் ஒரு தலைமுறைக் கணக்கு. இலக்கைக் கட்டம் கட்டமாகத் தனித்தனிக் காலக்கெடுவோடு வைத்திருந்தால், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மக்களிடம் நேராகச் சொல்லியிருக்கலாம்.

இன்னும் ஒன்று விட்டுப்போகக் கூடாது. பிரசவமான தாய்க்கு ஆறாவது வாரம் ஒரே ஒரு பரிசோதனை என்பது பழைய வழக்கம். 2018-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் அதை மாற்றியது. கடுமையான ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு இருந்த மற்றவர்களுக்கு 7 முதல் 10 நாளுக்குள் அளந்து பார்க்க வேண்டும். எல்லோருக்கும் மூன்று வாரத்துக்குள் ஒரு தொடர்பு, 12 வாரத்துக்குள் முழுப் பரிசோதனை. ரத்தக்கொதிப்பு இருந்த தாயை வீட்டுக்கு அனுப்பும்போதே பிரஷர் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, கைப்பட்டை அவள் புஜத்துக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே கட்டிப் பார்த்து (சின்னப் பட்டை எண்ணை ஏற்றிக் காட்டும்), 150/100-ஐத் தொட்டால் கூப்பிட வேண்டிய எண்ணையும், 160/110-ஐத் தொட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதையும் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிடலாம். குழந்தையை இழந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும் தாய்க்கும் இதே கருவி, இதே தொலைபேசி அழைப்பு, இதே 12 மாதக் காப்பீடு உண்டு. பச்சைக்குழந்தைப் பரிசோதனைக்காகப் போடும் பட்டியலில் இருந்து அவள் பெயர் தானாகவே நீங்கிவிடும் என்பதால், அவளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றும், அதைப் பார்க்கப் பெயர் சொல்லி நியமித்த ஓர் ஆளும் வேண்டும்.